லிடியும் கார்பனும்

சைக்கிள் சக்கரக் கம்பிக்கு மலாய் அகராதி தரும் சொல் 'ஜெஜாரி'. மலாக்காவில் எந்தக் கடையிலும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. 'லிடி' என்றுதான் சொல்வார்கள். லிடி என்றால் ஈர்க்கு, தென்னோலையின் நடு நரம்பு. மோட்டார் வாங்கப் போனாலும் அதே பேச்சுதான்: "ஸ்போர்ட் ரிம்மா, லிடியா?" ஒரே வார்ப்பாக ஊற்றிய அலுமினியச் சக்கரம் வேண்டுமா, கம்பி கோத்த சக்கரம் வேண்டுமா என்று அர்த்தம். கிளேபாங்கில் என்னோடு வளர்ந்த பையன்களுக்கு ஸ்போர்ட் ரிம்தான் கௌரவம். லிடி என்றால் காய்கறி ஏற்றுகிறவருடைய மோட்டார்.

சென்ற ஆண்டு இதே கேள்வி சைக்கிள் வடிவத்தில் என்னிடம் வந்தது. சித்தப்பா மகள் படிவம் நான்கு படிக்கிறாள். பள்ளிப் போட்டியில் ஆரம்பித்து, மாவட்டம் தாண்டி, மாநிலத் தேர்வுப் பயிற்சிவரை சைக்கிளிலேயே போய்விட்டாள். சித்தப்பா ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகளுக்குக் கார்பன் கம்பி போட்ட சக்கர ஜோடி வாங்கித் தந்தால் நல்லது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். விலை மூவாயிரத்து எண்ணூறு ரிங்கிட்.

"இபிஎஃப்ல மூணாவது கணக்குல கொஞ்சம் கெடக்கு. எடுத்துடலாமான்னு பாக்கிறேன். நீதான் கார்பன்லயே வேல செய்றியே, பாத்துச் சொல்லுய்யா" என்றார்.

மூன்றாவது கணக்கை ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே மாதம் கொண்டு வந்தது. காரணம் எதுவும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம். எடுத்தது ஓய்வுக் காலத்தில் இருக்காது, அவ்வளவுதான். ஆக, இந்தச் சக்கரத்தின் விலை சித்தப்பாவின் அறுபதாவது வயதிலிருந்து வரப்போகிறது. போகிற போக்கில் "வாங்குங்க" என்றோ "வேணாம்" என்றோ சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கம்பிச் சக்கரம் எப்படி நிற்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கம்பியைத் தரையில் நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். வளைந்துவிடும். அப்படிப்பட்ட கம்பிகள் ஒரு ஆளைத் தாங்குவது எப்படி? ஒவ்வொரு கம்பியும் முன்கூட்டியே இழுத்து முறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கம்பியில் சுமார் 100 கிலோ இழுவிசை. 28 கம்பி என்றால் ஒரு சின்னச் சக்கரத்துக்குள் ஏறத்தாழ மூன்று டன் இழுவிசை எல்லாப் பக்கமும் சமமாக அமர்ந்திருக்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், தரைக்கு நேர் மேலே இருக்கும் நாலைந்து கம்பிகளின் இழுவிசை மட்டும் கொஞ்சம் குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றமே இல்லை. ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-இல் வெளியிட்ட 'தி பைசைக்கிள் வீல்' என்ற புத்தகத்தில் இதைக் கணக்கிட்டுக் காட்டி, சக்கரம் தன் கீழ்க் கம்பிகளின் மேல் நிற்கிறது என்றார். கம்பியால் எப்படி நிற்க முடியும், தொங்கத்தானே முடியும் என்று சைக்கிள்காரர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். பல்கலைக்கழக விடுதியில் நாங்களும் ஒரு இரவு முழுக்கப் போட்டோம்.

கீழே வரும்போது தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுவதுதான் கம்பியின் வாழ்க்கை. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்பதால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 475 தடவை. எஃகு இப்படியே களைத்துப் போய், பெரும்பாலும் ஹப்புக்குள் வளையும் முழங்கையில் ஒரு நாள் அறும். 'டிங்' என்று சத்தம் கேட்கும். சக்கரம் ஆடும். ஆனால் 28-இல் ஒன்று போனாலும் மெதுவாக ஓட்டி வீடு வந்துவிடலாம்.

கார்பன் கம்பியின் நியாயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எஃகின் அடர்த்தி 7.8 என்றால் கார்பன் கூட்டுப்பொருளின் அடர்த்தி 1.6. இழை ஓடும் திசையில் இழுத்தால், எடைக்கு எடை எஃகைவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. துருப்பிடிக்காது. அடிபடாமல் இருந்தால் எஃகைப் போல எளிதில் களைக்காது. ஒரு இழை ஏழு மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளை ரெசினில் சேர்த்துச் சுட்டு ஒரு கம்பியாக்குகிறார்கள். ஒரு விதத்தில் அதுவும் லிடிக் கட்டுதான்.

கூட்டுப்பொருள் சக்கரம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல சாதி. மூன்று கை, ஐந்து கை என்று ஒரே அச்சில் வார்த்த கார்பன் சக்கரம் ஒன்று. 1990 வாக்கில் டுபான்ட் நிறுவனமும் ஸ்பெஷலைஸ்டும் சேர்ந்து கொண்டு வந்த மூன்று கைச் சக்கரம் அதில் பிரபலம். வெலோட்ரோமில் முன் சக்கரமாகப் பார்ப்பதெல்லாம் அந்த வம்சம். கார்பன் ரிம்மில் கார்பன் கம்பியை ஒட்டியோ திருகியோ செய்வது இரண்டாவது. ரிம் மட்டும் கார்பன், கம்பி எஃகு என்பது மூன்றாவது. பாலிஎதிலீன் நாரைக் கயிறு போலப் பின்னிக் கம்பியாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சிறுவர்களின் பிஎம்எக்ஸ் சைக்கிளுக்குக் கண்ணாடி இழை கலந்த நைலான் சக்கரம் எண்பதுகளிலேயே வந்துவிட்டது. அதற்குக் கோட்டம் எடுக்கும் வேலையே இல்லை.

முதல் சாதியை உடனே தள்ளிவிடலாம். சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கமான யூசிஐயின் விதிப்படி, கூட்டமாகப் புறப்படும் சாலைப் போட்டியில் சக்கரத்துக்குக் குறைந்தது 12 கம்பி இருக்க வேண்டும். மூன்று கை, ஐந்து கையெல்லாம் தனி ஆள் நேரவோட்டத்துக்கும் டிராக்குக்கும்தான். தங்கச்சி பெரும்பாலும் ஓட்டுவது சாலை. நீலாய் வெலோட்ரோமுக்கு என்றைக்காவது தேர்வானால் அந்தச் சக்கரத்தைச் சங்கம் கடனாகத் தரட்டும். ஒரு குடும்பம் சேமநிதியை உடைத்து வாங்க வேண்டிய சாமான் இல்லை அது.

மிச்சம் இருப்பது சித்தப்பாவுக்குக் காட்டப்பட்ட இரண்டாவது சாதி. எஃகுக் கம்பியிலிருந்து கார்பன் கம்பிக்கு மாறினால் ஒரு ஜோடிக்கு 100 கிராம் குறைகிறது என்று வைப்போம். தங்கச்சி, சைக்கிள், தண்ணீர்ப் புட்டி எல்லாம் சேர்த்து 62 கிலோ. பத்து நிமிட மேட்டில் 100 கிராம் மிச்சப்படுத்தும் நேரம் ஒரு வினாடிதான். சுழலும் எடை இரண்டு மடங்குக்குச் சமம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வேகம் கூட்டும்போது, அதுவும் ரிம்மின் விளிம்பில் இருக்கும் எடைக்கு மட்டும்தான் அது உண்மை. கம்பியின் எடை ஹப்பிலிருந்து ரிம்வரை பரவிக் கிடக்கிறது.

பெரிய எதிரி காற்று. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதை வெல்லத் தேவையான சக்தி கனமாகக் கூடும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கால் போடும் உழைப்பில் பெரும்பகுதி காற்றுக்குத்தான் போகிறது. ஆனால் இங்கே உதவுவது ஆழமான ரிம். தட்டையான எஃகுக் கம்பிக்கும் கார்பன் கம்பிக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு முன்னால் மிகச் சின்னது.

ஆழமான ரிம்முக்கும் எங்கள் ஊரில் ஒரு விலை உண்டு. கிளேபாங்கில் கடலைத் தூர்த்து மணல் கொட்டிய வெளி பெரியது. பழைய பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பலைக் கரையில் ஏற்றி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்களே, அந்தப் பக்கம். சாயங்காலம் தேங்காய் ஷேக் குடிக்க வருகிறவர்களின் கார்கள் ஒரு பக்கம், மறைப்பே இல்லாமல் கடலிலிருந்து அடிக்கும் பக்கக் காற்று மறுபக்கம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் முன் சக்கரம் அகலமான பலகையாக இருந்தால் அந்தக் காற்று ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பும். உப்புக் காற்று இன்னொரு வேலையும் செய்யும். கார்பனும் அலுமினியமும் ஈரமான உப்பில் ஒட்டி இருந்தால் மின்கலம் போல ஆகி, அலுமினியம் அரிக்கும். கார்பன் ரிம்முக்கு இலேசான அலுமினிய நிப்பிள் போட்டால் இங்கே கொஞ்ச நாளில் வெள்ளைத் தூளாகக் கொட்டும். பித்தளை நிப்பிள் சில கிராம் அதிகம், ஆனால் நிற்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் எண்கள். என் கவலை வேறு இடத்தில் இருந்தது.

பத்து பிரண்டாமில் சிடிஆர்எம் என்ற நிறுவனம் இருக்கிறது. 1990-இல் அரசு தொடங்கியது. ஈகிள் 150 என்ற சின்னக் கூட்டுப்பொருள் விமானத்தை மலாக்காவில் செய்தவர்கள். இப்போது ஏர்பஸ் விமானங்களுக்கான பாகங்கள் செய்கிறார்கள். கார்பன் இழை என்பது எங்கேயோ ஜெர்மனியில் ஜப்பானில் இருக்கிற பொருள் இல்லை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஷிஃப்ட் வேலையில் கையுறை போட்டு அடுக்குகிற பொருள். நானும் இந்தத் துறையில்தான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். என் வேலை, செய்து முடித்த பாகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பிளவு இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் கருவியால் தேடுவது.

கார்பனின் பெரிய குணம் இதுதான்: அடிபட்டால் வெளியே சொல்லாது. எஃகை அடித்தால் வளையும், நசுங்கும், தடம் இருக்கும். கார்பன் தட்டில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் மேலே பெயின்ட் கூட உரியாமல் இருக்கலாம். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அப்புறம் ஒரு நாள், வளையாமல், எச்சரிக்காமல், ஒரேயடியாக உடையும். இதற்காகவே விமானத் துறையில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஜாதகம் வைத்திருக்கிறார்கள். எந்த ரோலிலிருந்து வந்த இழை, ஆட்டோகிளேவில் எத்தனை மணி நேரம், எந்த வெப்பம், யார் சோதித்தார் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். கீழே போட்டால் போட்டேன் என்று எழுத வேண்டும். கார்பன் இறக்கையுள்ள விமானத்தில் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால் அந்தப் பொருளை மட்டும் நம்பி இல்லை. அதைச் சுற்றி நிற்கும் மனிதர்களையும் கருவிகளையும் தாள்களையும் நம்பி.

அதே பொருள் ஒரு பள்ளி அணியின் வேனில் ஏறும்போது அந்த ஏற்பாடு எதுவும் கூட வருவதில்லை. எட்டு சைக்கிள்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்குவார்கள். ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பியில் இடிக்கும். எஃகுக் கம்பி என்றால் வளைந்ததைப் பார்க்கலாம், விரலால் சுண்டினால் சத்தம் மாறியிருப்பதைக் கேட்கலாம். கார்பன் கம்பியில் எதைப் பார்ப்பது? மறுநாள் இறக்கத்தில் ஐம்பது, அறுபது வேகத்தில் அவள் குனிந்து போகும்போது அந்த வேனுக்குள் நடந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பெரிய நிறுவனங்களுக்கே இது எளிதாக இருந்ததில்லை. பிரான்ஸின் மாவிக், கார்பன் குழாய்களைக் கம்பியாக வைத்துச் செய்த ஆர்-சிஸ் முன் சக்கரங்களை, கம்பி உடையக்கூடும் என்று 2009 ஜனவரியில் திரும்பப் பெற்றது. பிறகு பலப்படுத்தி மறுபடி விற்றார்கள். குறையைச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ள அங்கே ஒரு முகவரி இருந்தது. மூவாயிரத்து எண்ணூறு வெள்ளிச் சக்கரத்தின் பெட்டியில் தயாரித்தவர் முகவரியைத் தேடினேன். ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தது. கம்பிகள் ரிம்மோடு ஒட்டப்பட்டவை. ஒன்று போனால் மாற்ற முடியாது, முழுச் சக்கரத்தையும் அனுப்ப வேண்டும்.

எஃகுக் கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு நம் கண்ணில் படுவதே இல்லை. அவ்வளவு பரவலாக, அவ்வளவு மலிவாக இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கி, இரண்டு மாதத்தில் சிங்கப்பூர்வரை வந்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் படையில் திட்டம் வகுத்த சுஜி மசானோபு பின்னாளில் எழுதிய நூலில் இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள், இரவில் அந்த இரைச்சலை டாங்கி என்று எதிரிகள் நினைத்தார்கள். இன்னொன்று, போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய சைக்கிள்கள் மலாயாவில் விற்றிருந்ததால் மாற்றுப் பாகங்கள் வழியெங்கும் கிடைத்தன. முதல் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. சைக்கிள் ஓடியது சக்கரத்தின் பலத்தால் மட்டும் இல்லை, ஒவ்வொரு பட்டணத்திலும் ஒரு கடையில் அதே அளவுக் கம்பி இருந்ததால்.

எங்கள் தாத்தா புக்கிட் அசகான் தோட்டத்தில் மரம் வெட்டியவர். பால் நிறைந்த தோம்புகளை சைக்கிளில் கட்டி மண் பாதையில் கொட்டகைக்குக் கொண்டு வருவார். கம்பி அறுந்தால் தாத்தாவே மாற்றிக்கொள்வார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். படிப்பு மூன்றாம் வகுப்பு. மூன்று டன் இழுவிசை என்றெல்லாம் அவரிடம் யாரும் சொல்லவில்லை. விரலுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் செங்கட்டடத்துக்கு முன்னால் ஹலோ கிட்டி பொம்மை கட்டிப் பாட்டு அலறவிடும் பெச்சாக்களைப் பாருங்கள். சைக்கிள் வளைவில் சாயும், அதனால் எடை சக்கரத்தின் தளத்திலேயே இறங்கும். மூன்று சக்கர வண்டி சாயாது, அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கம்பிச் சக்கரத்துக்குப் பிடிக்காத வேலை அது. அப்படியும் ஓடுகிறது. ஒரு பெரியவர் வண்டியைச் சாய்த்து வைத்து, சுற்றுலாக்காரர்கள் வருவதற்குள் நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு திருகிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் பழையதே நல்லது என்று சொல்வதற்காக அடுக்கவில்லை. நான் கார்பனால் சோறு தின்கிறவன். கேள்வி பொருளைப் பற்றியது இல்லை. அது கெட்டுப்போனால் யாருக்குத் தெரியும், யார் சரி செய்வார், எத்தனை வெள்ளி ஆகும் என்பதுதான். விமானத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. லிடிச் சக்கரத்திலும் இருக்கிறது. சித்தப்பா வாங்கப் பார்த்த சக்கரத்தில் இல்லை.

இதைச் சொன்னபோது சித்தப்பா பேசாமல் கேட்டார். அப்புறம், "எல்லாம் சரிப்பா. மத்த புள்ளைங்கல்லாம் அதுதான் போட்டிருக்கு. நம்ம புள்ள மட்டும் பழசுல நிக்கணுமா?" என்றார். தங்கச்சி அதையே வேறு மாதிரி சொன்னாள். "அண்ணா, ஸ்டார்ட் லைன்ல எல்லாரும் கீழ பாப்பாங்க. யார் சக்கரம் என்னன்னு. நானும் பாப்பேன்."

இதற்குக் கிராம் கணக்கில் பதில் இல்லை. தோட்டத்திலிருந்து வந்த மூன்றாவது தலைமுறை, கோடு போட்ட இடத்தில் போய் நிற்கிறது. பக்கத்தில் நிற்கிறவளின் சைக்கிள் நம் வீட்டு மைவியைவிட விலை அதிகம். அந்த நேரத்தில் தோள் கொஞ்சம் சுருங்கினால், அந்தச் சுருக்கத்துக்கும் வினாடி கணக்கு உண்டு. சித்தப்பா மூவாயிரத்து எண்ணூறுக்கு வாங்க நினைத்தது சக்கரத்தை மட்டும் இல்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உடைந்தால் மாற்ற முடியாத ஒன்றின் மேல் அவளை ஏற்றி அனுப்பி அந்த நிமிர்வை வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் சொன்ன பதில் இதுதான். ரிம் கார்பனாக இருக்கட்டும், அதிக ஆழம் வேண்டாம். டயர் மாற்றும்போதெல்லாம் அதைச் சுற்றித் தடவிப் பார்க்க முடியும். டிஸ்க் பிரேக் என்பதால் ரிம் சூடாகி ரெசின் இளகும் பயமும் இல்லை. கம்பி எஃகு, தட்டைக் கம்பி, பக்கத்துக் கடையில் கிடைக்கும் அளவு. பித்தளை நிப்பிள். முன்னால் 24, பின்னால் 28. மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி. மிச்சம் மூன்றாவது கணக்கிலேயே கிடக்கட்டும்.

கோத்துத் தந்தவர் பத்தாங் தீகா பக்கம் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர். தங்கச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கம்பியைச் சுண்டிச் சத்தம் கேட்க, தாழ்ந்த சத்தம் தளர்ந்த கம்பி என்று கண்டுபிடிக்க, கால் திருகுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாமல் இருக்க, மலாயும் சைகையுமாகக் கற்றுக் கொடுத்தார். இரண்டு சனிக்கிழமை போனாள். இப்போது அணியில் மற்றவர்களுடைய சக்கரத்துக்கும் அவள்தான் கோட்டம் எடுக்கிறாளாம். கார்பன் கம்பிக்காரிகள் மட்டும் கொண்டு வருவதில்லை.

ஸ்டார்ட் லைனில் இன்னும் கீழே பார்க்கிறாயா என்று கேட்டேன். "பாப்பேன். ஆனா இப்ப யாருக்கு கோட்டமா இருக்குன்னும் தெரியுதுண்ணா" என்றாள்.